ஹெலிபேடில் காய்ந்த சோளம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் பயிற்சியில் 'அரசியல் அபாயம்' என்று ஒரு பாடம் நடத்தினார்களாமே! ஏற்றுமதித் தடை, இறக்குமதி வரிக் குறைப்பு, இருப்புக் கட்டுப்பாடு என்று கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் உண்மைதான். டெல்லியில் ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் கள்ளக்குறிச்சியில் மக்காச்சோளத்தின் விலை படுத்துவிடும். முதலீடு போட்டவர் அதோடு சேர்ந்து படுத்துவிடுவார். ஆனால் என் சர்வீஸில் நான் பார்த்த பெரிய அரசியல் அபாயம் டெல்லியிலிருந்து தாளில் வரவில்லை. விசிறியைச் சுற்றிக்கொண்டு வானத்திலிருந்து நேராக வந்தது. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை இந்தத் தானியக் கொள்முதல் தொழிலுக்குள் இழுத்துவிட்ட மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "சரக்கு எடுக்கப் போறதுக்கு முன்னாடி வானத்தப் பாரு. வானத்தப் பாத்துட்டு செவுத்தப் பாரு" என்பார். சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? போஸ்டர்! எந்தத் தலைவர் வருகிறார், எங்கே கூட்டம் என்று அதில்தான் இருக்கும். கூட்டம் என்றால் அன்றைக்கு மினி லாரி கிடைக்காது, மூட்டை தூக்க ஆள் கிடைக்காது, படுதா கிடைக்காது. எல்லாம் கூட்டத்துக்குப் போய்விடும். இது எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு எங்கள் கம்பெனியில் சென்னைக்காரர் ஒருவர் பணம் போட்டார். மக்காச்சோளம் வாங்கி, காயவைத்து, நாமக்கல் பக்கம் கோழித்தீவன ஆலைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். ஆனால் வாயைத் திறந்தால் 'ரிஸ்க்' என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. அதனால் நாங்கள் அவருக்கு ரிஸ்க் சார் என்றே பெயர் வைத்துவிட்டோம். காலையில் கண் விழித்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள், இவர் டெல்லிச் செய்தியைப் பார்ப்பார். வெளிநாட்டுச் சோளம் உள்ளே வருமா, எத்தனால் கொள்கை மாறுமா, பறவைக் காய்ச்சல் எங்கேயாவது தலைகாட்டுகிறதா என்று என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டு, நான் பதில் சொல்லாவிட்டால் டீ மாஸ்டரைக் கேட்பார். டீ மாஸ்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். அதுதான் ரிஸ்க்.

விலை பேசுவதில் மட்டும் அவர் அசைய மாட்டார். ஈரச் சோளமாக இருந்தாலும், ஈரத்துக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு அன்றைக்கே விலை முடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். "வேண்டவே வேண்டாம். இன்றைக்கு விலை முடித்து, நாளைக்கே வரியைக் குறைத்துவிட்டால் யார் தலையில் விடியும்? முதலில் அவர்கள் செலவில் காயட்டும். காய்ந்த பிறகு, அந்த நேரத்து விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்பார். சொல்லிப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு டிராக்டர் வந்து எங்கள் கிடங்கு வாசலில் நின்றது. கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருந்தது அந்தக் கிடங்கு. டிராக்டரிலிருந்து இறங்கியவள் சின்னப்பொண்ணு. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். அவள் வீட்டுச் சோளமும் அக்கம்பக்கத்து வீடுகளின் சோளமும் அந்த வண்டியில் இருந்தது. அந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் அதுதான்.

அதுவரை மலைச்சனங்கள் அடிவாரத்து வியாபாரி ஒருவரிடம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் ஈரம் அளக்கும் மீட்டர் கிடையாது. ஒரு சோளத்தை எடுத்துக் கடைவாயில் கடித்துப் பார்ப்பார். "ஈரம்" என்று விலையைப் பாதியாக்குவார். அக்னி நட்சத்திரத்தில் கொண்டுபோனாலும் அவர் பல்லுக்கு ஈரம்தான். முதல் தடவையாக அவரைத் தாண்டிக்கொண்டு இவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். இங்கே காரியம் கெட்டால், திரும்பிப் போய் அவர் வாசலில்தான் கைகட்டி நிற்க வேண்டும். "இன்னா, டவுனுக்குப் போனீங்களாமே?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிந்தது.

"சார், ஒரு வாரமா தூத்தலு. மூட்டய வூட்டுக்குள்ள அடுக்கி வெச்சிட்டு நாங்க வெளில படுத்துக்கினு இருந்தோம். இன்னிக்குத்தான் வானம் வுட்டுச்சு. இன்னும் வெச்சிருந்தா பூஞ்ச புடிச்சிடும் சார்" என்றாள்.

மீட்டரில் வைத்துப் பார்த்தேன். "ஈரம் ஜாஸ்தியா இருக்கும்மா."

"மிசினும் ஈரம்னுதான் சொல்லுதா? அதுக்கு அந்தாளு பல்லே தேவல போல!"

ரிஸ்க் சாரைப் பார்த்தேன். அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

காயவைப்பது பெரிய காரியமில்லை. எங்கள் பக்கத்தில் ரோடுதான் களம். தார் ரோடு, பாலம், பள்ளிக்கூட வாசல், எங்கே தட்டையாக இருந்தாலும் சோளம் கொட்டிவிடுவோம். புது ரோடு போட்டால், அதைத் திறந்துவைக்க ஆள் வருவதற்கு முன்பே சோளம் போய்த் திறந்துவிடும். ஆனால் அன்றைக்கு ரோடு இல்லை. ஒரு தலைவர் கூட்டத்துக்கு வருகிறார், கார் வரிசையாக வரப்போகிறது என்று ரோட்டில் கிடந்த சோளத்தையெல்லாம் காலையிலேயே போலீஸ் வாரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கிடங்கு வாசலில் ஏற்கெனவே வேறு சரக்கு கிடந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அத்தனை பேரும் மினி லாரியில் ஏறிக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

"நல்ல தரையாப் பாத்துக் காயப் போடும்மா. வெயில் சுள்ளுனு அடிக்குது. பொழுதோட எடை போட்டுடலாம்" என்று அனுப்பிவைத்தேன்.

அவளும் நல்ல தரையாகத்தான் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனேன். கூட்டம் நடக்கும் மைதானத்துக்குப் பக்கத்து வயலில், அன்றைக்காகவே புதிதாக சிமெண்ட் போட்டு மெழுகியிருந்தார்கள். நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டமும் பெரிய எழுத்தும். சுற்றிலும் தங்கத்தைக் கொட்டின மாதிரி மக்காச்சோளம். காவலுக்குப் போட்டிருந்த கான்ஸ்டபிள் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு, காலால் சோளத்தைத் துழாவி விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் திருக்கோவிலூர் பக்கம். விவசாயக் குடும்பம். சோளத்தைக் கண்டதும் கால் சும்மா இருக்கவில்லை.

"இன்னாங்க இது, ஹெலிபேடாச்சே!" என்றேன்.

"அது கேன்சல் சார். விடியக்கால மேகமா இருந்துச்சேன்னு கார்லயே வர்றாராம். காலைலயே மைக்ல சொல்லிட்டாங்க. தர சும்மாதான கெடக்குது? நானும் ரூல்ஸ் தெரியாதவன் இல்ல. நடுவுல கீற எழுத்த மட்டும் மறைக்காதம்மான்னு கறாரா சொல்லிட்டேன்."

உண்மைதான். எழுத்தின் மேல் ஒரு மணி சோளம் இல்லை. அவ்வளவு நேர்த்தி.

அப்போது அவர் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. வானிலை சரியாகிவிட்டது, தலைவர் வான்வழியாகவே வருகிறார், கிளம்பிவிட்டார், ஹெலிபேடு தயாராக இருக்கட்டும் என்றது. கான்ஸ்டபிள் வானத்தைப் பார்த்தார். சோளத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். எந்த வெயிலை நம்பி நாங்கள் சோளத்தைக் காயப் போட்டோமோ, அதே வெயிலை நம்பித் தலைவரும் கிளம்பிவிட்டார்.

சிறிது நேரத்தில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து குதித்தார். "எவன்டா இத இங்க கொட்டினது? ஃபயர் வண்டிய வரச் சொல்லு. தண்ணிய அடிச்சு அப்பிடியே வாய்க்கால்ல தள்ளு!" என்று கத்தினார். தீயணைப்பு வண்டி அங்கேயே தயாராக நின்றது. குழாயை இழுக்க ஆரம்பித்தார்கள். சின்னப்பொண்ணு ஓடிப்போய், கான்ஸ்டபிள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த அந்த வெள்ளை எழுத்தின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல என் மேல அடிங்க. அப்புறமா சோளத்து மேல அடிப்பீங்க" என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ரிஸ்க் சாரும் ஓடிவந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "ஐயோ, இது நம்ம ரிப்போர்ட்ல எங்கயுமே வரலையே! இன்சூரன்ஸ் கிடைக்குமா?"

"நாம இன்னும் வாங்கவே இல்லையே சார். விலையே முடிக்கல. இது அவங்க சோளம்" என்றேன்.

"ஓ, அப்ப நம்மோடது இல்லையா?" என்றவர் ஒரு பெருமூச்சு விட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தண்ணீர்க் குழாயை அவர் பக்கம் திருப்பியிருப்பேன். சின்னப்பொண்ணும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நெருக்கடியில் நம் ஆட்கள் செய்கிற தப்பு, அதிகாரம் உள்ளவரைத் தேடிப்போய்க் கெஞ்சுவது. அதிகாரம் உள்ளவருக்கு மேலே இன்னொரு அதிகாரம் இருக்கும். அவரால் ஒன்றும் முடியாது. யாருக்குப் பயம் அதிகமோ அவரைத் தேடுங்கள். அன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே அதிகமாகப் பயந்துபோயிருந்தவர் கூட்டத்துக்குப் பொறுப்பான ஒன்றியச் செயலாளர். ஊரில் அவரை 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தலைவருக்குப் போடுவதற்கு ஒரு சால்வை. நேரே அவரிடம் போனேன்.

"ஒன்றியம், தண்ணி அடிச்சா பாதி சோளந்தான் போவும். மிச்சம் ஈரமா ஒட்டிக்கினு கெடக்கும். விசிறி சுத்துற வேகத்துல மொத்தமும் கெளம்பித் தலைவர் மூஞ்சிலதான் அடிக்கும். டிவிக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க போல?" என்றேன்.

அவருக்கு வேர்த்துவிட்டது. "இன்னாங்க பண்ணலாம்? வார்றதுக்கு ஆளு வேணுமே!"

"ஆளா? அங்க பாருங்க" என்று மைதானத்தைக் காட்டினேன். காலையிலிருந்து வெயிலில் உட்கார வைத்த ஜனம். எல்லாரும் யார்? நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்.

ஒன்றியம் மைக்கைப் பிடித்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "உழைக்கும் மக்களே, உழைக்க வாரீர்!" என்றார். முதலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, தானியத்துல தண்ணி அடிக்கப் போறாங்கடி!" என்று அலறியதுதான் தாமதம், மைதானம் காலியானது. ஓடிவந்தவர்கள் ஓரத்தில் வந்ததும் நின்று செருப்பைக் கழற்றிவிட்டார்கள். தானியத்தைச் செருப்புக் காலோடு மிதிப்பார்களா? பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் பலகை மாதிரி தள்ளினார்கள். கட்சித் தொப்பியில் அள்ளினார்கள். முந்தானையில் வாரினார்கள். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்து, "சார், இன்னிக்கு எங்களுக்கு லீவு, ஞாபகம் வெச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே குனிந்து வாரினார்கள். யாருடைய சோளம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாரியதைக் கொட்ட படுதா இல்லை. சின்னப்பொண்ணு ரோட்டோரம் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர்களைக் காட்டினாள். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், ஒவ்வொன்றிலும் தலைவர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கைந்தை அவிழ்த்து ஓரமாக விரித்துக் கொட்டப் போனார்கள். ஒன்றியம் பாய்ந்து வந்தார்.

"தலைவர் மொகத்து மேலயா கொட்டுவீங்க? என் பதவி போயிடும்!"

"அப்ப திருப்பிப் போட்டுக்கறோம்" என்றார் ஒருவர்.

"திருப்பினா மொகம் மண்ணுல படும்யா!"

படித்த பிள்ளைகளே, இது எப்பேர்ப்பட்ட சிக்கல் பாருங்கள். மேலே பார்த்தாலும் அவமரியாதை, கீழே பார்த்தாலும் அவமரியாதை. தூரத்தில் 'கடகட' என்று சத்தம் வேறு கேட்க ஆரம்பித்துவிட்டது. என் வாயில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "ஒன்றியம், சாமிக்குப் பால் ஊத்தும்போது மொகத்துல ஊத்தறோமே, அது அவமரியாதையா? இது தானிய அபிஷேகம்னு வெச்சிக்கோங்க" என்றேன். ஒன்றியம் ஒரு கணம் யோசித்தார். "அபிஷேகமா? அப்ப கொட்டுங்க, நல்லா கொட்டுங்க!" என்றார்.

குவித்து முடித்து, மேலே இன்னொரு ஃபிளெக்ஸைப் போட்டு, காற்றில் தூக்காதபடி ஆளுக்கொரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அப்போதுதான் ஒன்றியத்தின் கண்ணில் அது பட்டது. ஓரம் முழுக்கச் செருப்பு! காற்றில் செருப்பு பறந்தால் மறுநாள் செய்தி என்னவாக வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாவம், கையிலிருந்த சால்வையை விரித்து, அந்த வெள்ளை வேட்டி மனிதர் ஓடி ஓடிச் செருப்புப் பொறுக்கினார். அதிகாரியும் பொறுக்கினார். ஹெலிகாப்டர் இறங்கியபோது ஒன்றியம் வயிறு பெருத்த ஒரு சால்வை மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டார். தலைவர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். ஒன்றியம் கொடுக்கவில்லை.

விசிறி நின்றதும் மேலே போட்டிருந்த ஃபிளெக்ஸை விலக்கியிருந்தார்கள். தலைவரின் பார்வை குவியல்கள் பக்கம் போனது. சோளத்துக்குள்ளிருந்து அவர் முகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. "என்னய்யா இது?" என்றார். "மலைவாழ் மக்களோட தானிய அபிஷேகம் தலைவரே" என்றார் ஒன்றியம். தலைவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தூசியாகவும் இருக்கலாம்.

மேடை ஏறியவர், எழுதிக்கொடுத்திருந்த பேச்சை ஓரமாக வைத்துவிட்டார். "இந்த மலை மக்களின் அன்புக்கு நான் என்ன செய்வேன்? அவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளம் முழுவதையும் இனி அரசே நல்ல விலை கொடுத்து வாங்கும்!" என்று முழங்கினார். அவர் பக்கத்தில் இருந்த அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதுதான் முதல் தகவல்.

கைத்தட்டல் ஓய்வதற்குள் அடிவாரத்து வியாபாரி பைக்கில் வந்து குவியல் பக்கத்தில் நின்றார். எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ தெரியாது. ஒரு மணியைக் கூட வாயில் வைக்காமல், "நல்லாக் காஞ்சிருக்குதே!" என்றார்.

"இன்னாண்ணே, பல்லு வலியா?" என்றாள் சின்னப்பொண்ணு. குவியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள்.

ரிஸ்க் சார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். "அம்மா, அம்மா, யாருக்கும் கொடுத்துடாதீங்க. அது நம்ம சோளம்!"

"ஹெலிகாப்டரு வர்றப்ப எங்க சோளம்னீங்க. தலைவரு பேசனதும் உங்க சோளமாயிடிச்சா சார்?"

ரிஸ்க் சார் என்னைப் பார்த்தார். சட்டப்படியும் நியாயப்படியும் அவளைக் கட்டுப்படுத்த எங்களிடம் ஒன்றும் இல்லை. காலையிலேயே விலை முடித்திருந்தால் அத்தனையும் காலை விலைக்கே எங்களுடையது. அரசாங்கம் என்ன செய்துவிடுமோ என்று பயந்து பயந்து, அந்த விலையைத் திறந்தே வைத்திருந்தது அவர்தான். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் அரசாங்கம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். அபாயத்துக்குப் பயந்து முடிவைத் தள்ளிப்போட்டால், அபாயத்துக்கு நாமே பாய் விரித்துக் கொடுக்கிறோம்.

"சார், ஆர்டர் வருமோ வராதோ யாருக்குத் தெரியும்? ஆனா இந்தம்மா இன்னிக்கு மலைக்குப் போயி என்ன சொல்லப் போறாங்களோ, அதான் நமக்கு வரப்போற வருஷங்களோட வியாபாரம். கேக்கறதக் குடுத்துடுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அப்போதே விலை முடிந்தது. அங்கேயே எடை போட்டோம். மூட்டை தூக்க எங்கள் ஆட்கள் லீவு நாள் கூலி கேட்டார்கள், அதையும் கொடுத்தோம்.

தலைவரின் அறிவிப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவரோடு வந்தது, அவரோடு ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டது. ஆர்டர் எதுவும் வரவில்லை. அந்த லோடில் எங்களுக்கு நஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்கிய எந்த டிராக்டரும் அடிவாரத்தில் நிற்கவில்லை, நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தது. ரிஸ்க் சாரும் அன்றிலிருந்து ஈரச் சோளத்துக்கும் அன்றன்றைக்கே விலை முடித்துவிடுவார்.

அடுத்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம் சின்னப்பொண்ணுவிடமிருந்து போன் வந்தது. மலையில் எங்கேயோ சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று பேசினாள். குசலம் விசாரித்துவிட்டு, "சார், இந்த வருசம் யாராச்சும் தலைவரு வர்றாங்களா?" என்றாள்.

நான் என் மண்டிக்காரரை நினைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தேன். புதுப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. "ஒருத்தர் வர்ற மாதிரித்தான் தெரியுதும்மா. என்ன விஷயம்?"

"இன்னிக்கே எறக்கினு வரட்டுமா, இல்ல அவரு வர்ற அன்னிக்கு எறக்கட்டுமான்னு கேக்கத்தான் சார். ஆனா கார்ல வர்றவரா இருந்தா வேணாம், ரோட்டப் புடிச்சிக்குவாரு. ஹெலிகாப்டர்ல வர்றவரா பாத்துச் சொல்லுங்க."